அடுத்த கேமரா வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களாக மலை, ஏரி, கடற்கரை என்று கேமராவும் கையுமாகச் சுற்றுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "என் கேமரா போதவில்லை, அடுத்து எதை வாங்கலாம்?" பதிலுக்கு நான் "எது போதவில்லை?" என்று கேட்பேன். அதற்குச் சட்டென்று பதில் சொல்பவர்கள் குறைவு. அந்தப் பதிலைத் தேடித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

உங்கள் கணினியில் நீங்கள் யாருக்கும் காட்டாத படங்கள் நிறைய இருக்கும் அல்லவா? அவற்றைத் திறந்து, ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே கெட்டுப்போயிருக்கிறது? படம் முழுவதும் லேசாகக் கலங்கியிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. நடுவில் தெளிவாக இருந்து மூலைகள் மட்டும் குழைந்திருந்தால் லென்ஸைப் பாருங்கள். வானம் வெளுத்துப்போய், நிழல் பகுதியை வெளிச்சமாக்கினால் புள்ளி புள்ளியாக வருகிறதா? அங்கேதான் ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் என்ற பேச்சே வருகிறது. அசைவுக்கும் மூலைக்கும் புது பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, வாங்கிப் பயனில்லை. இதை மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதே இல்லை. முன்னால் கிடக்கும் கல்லிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் தெளிவாக வரவேண்டும் என்று, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடிவிடுகிறார்கள். எஃப் எண் ஏற ஏறத் துளை சிறிதாகும். துளை அவ்வளவு சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் மொத்தமாக மழுங்கும். அடுத்த முறை எஃப் 8, எஃப் 11 இரண்டிலும் எடுத்து, எஃப் 22 படத்தோடு வைத்துப் பாருங்கள். கேமரா பழசாகிவிட்டது என்ற எண்ணமே சிலருக்குப் போய்விடும்.

அடுத்தது முக்காலி. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பாடிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை முக்காலிக்கு ஒதுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. ஆனால் நம் படங்கள் பிறப்பது எப்போது? விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும்தான். அந்த வெளிச்சத்தில் ஷட்டர் அரை நொடி, இரண்டு நொடி, சில சமயம் அரை நிமிடம் திறந்திருக்கும். நடுத்தண்டை உயர்த்தாமலே கண் உயரத்துக்கு வரும் முக்காலியாகப் பாருங்கள். நடுத்தண்டை மேலே இழுத்துவிட்டால் மூன்று கால் இருந்தும் கேமரா ஒற்றைக் குச்சியின் மேல்தான் நிற்கிறது. கால்களின் கடைசிப் பகுதி விரலளவுக்கு மெலிந்திருந்தால் காற்றில் அதிரும். பையைக் கொக்கியில் தொங்கவிடுவதானால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், ஆடினால் அதுவே முக்காலியை ஆட்டும். பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரில் விடுங்கள்.

இன்னொன்று, ஒளிக்கான உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைத்து வைத்து, உறுதியான முக்காலியில் எடுக்கும்போது சின்ன சென்சாருக்கும் பெரிய சென்சாருக்கும் உள்ள இடைவெளி நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெரிய சென்சார் நன்றாகத் துணை நிற்பது வெளிச்சமில்லாத இடத்தில் கையில் பிடித்து எடுக்கும்போது, அப்புறம் நட்சத்திரங்களை எடுக்கும்போது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1927 ஏப்ரல். இயற்கைக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸுக்கு அப்போது வயது 25. அமெரிக்காவின் யோசெமிட்டியில், ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டமான பாறையை எடுக்க, கனமான கேமராவையும் படம் பதியும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு பனியில் ஏறிப்போகிறார். பாறைமுகத்தில் வெயில் விழும் நேரத்தில் கையில் மிச்சம் இரண்டே தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுக்கிறார். எடுத்த உடனே மனசுக்குள் உறுத்துகிறது. தன் முன்னால் நிற்கும் பாறையின் கம்பீரம் அந்தத் தகட்டில் வராது, வானம் வெளுத்துச் சாதாரணமாக வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டுகிறார். சிவப்புக் கண்ணாடி வானத்தின் நீலத்தைத் தடுத்துவிடும், கறுப்பு வெள்ளையில் வானம் ஏறக்குறைய கறுப்பாகும். அப்படித்தான் வந்தது. கறுத்த வானத்துக்கு எதிரே பாறை நிமிர்ந்து நிற்கிறது. ஒரே கேமரா, ஒரே இடம், கொஞ்ச நேர இடைவெளி. படம் எப்படி வரவேண்டும் என்பதை எடுக்கும் முன்பே மனதில் கண்டது அன்றுதான் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

வண்ணப் படத்தில் நமக்கு அந்த வேலையைச் செய்வது போலரைசர் ஃபில்டர். ஈர இலையின் பளபளப்பையும் தண்ணீர் மேலிருக்கும் பிரதிபலிப்பையும் அது எடுக்கும்போதே குறைத்துவிடும். பதிவாகாத நீரடிக் கூழாங்கற்களைப் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

சரி, முக்காலி இருக்கிறது, லென்ஸ் நன்றாக இருக்கிறது, அப்பர்ச்சரும் சரி. இன்னும் போதவில்லையா? அப்போது பாடியை மாற்ற நியாயம் இருக்கிறது. முதல் காரணம், மிக வெளிச்சமான இடத்தையும் மிக இருட்டான இடத்தையும் ஒரே படத்தில் சென்சார் எவ்வளவு தூரம் பதியும் என்பது. அதை ஸ்டாப் என்ற அளவில் சொல்வார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கும். பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. வெவ்வேறு வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்து ஒட்டிச் சமாளிக்கலாம் என்பீர்கள். பாறையும் கட்டடமும் ஒட்டும். அலையும் காற்றில் ஆடும் மரமும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் இடம் மாறிவிடும். இப்படிப்பட்டவற்றையே நீங்கள் எடுப்பவரானால் நல்ல சென்சார் உங்களுக்கு உண்மையாகவே வேண்டும்.

இரண்டாவது மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6,000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 20 அங்குலம். 45 மெகாபிக்சலில் அது ஏறக்குறைய 27 அங்குலம்தான். எண் இரட்டிப்பாகப் போகிறது, அகலம் அவ்வளவு போவதில்லை. திரையில் மட்டும் பார்ப்பவர்களுக்கோ, 4கே டிவி முழுவதிலும் இருப்பதே 8.3 மெகாபிக்சல்தான்.

சின்ன சென்சார் உள்ள ஏ.பி.எஸ்.சி. கேமராவிலிருந்து பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சின்ன லென்ஸையே புது பாடியில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பயன்படும். 24 மெகாபிக்சல் ஏறத்தாழ 10 ஆகிவிடும். ஆக லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் வையுங்கள். மலையேறும்போது அந்த எடையும் உங்கள் தோளில்தான்.

நேரமாகிவிட்டது என்று இங்கே கை காட்டுகிறார்கள். மழை தாங்கும் பாடி, மடங்கும் திரை இவற்றைப் பற்றியும் பேச இருந்தேன். பயன்படுத்திய கேமராவைப் பற்றி மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு இருபது படம், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், இவற்றுக்குத்தான் புது மாடல்களில் விலை ஏறுகிறது. மலை ஓடாது. 2012இல் வந்த நிக்கான் டி800 36 மெகாபிக்சல், 2017இல் வந்த டி850 45 மெகாபிக்சல். இரண்டும் இன்றும் நம் வேலைக்குத் தாராளம். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். எஃப் 16இல் வெற்று வானத்தை எடுத்துப் பாருங்கள், சென்சாரில் அழுக்கோ கீறலோ இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் மாட்டும் வளையத்தில் தேய்மானம் இருக்கிறதா, மெமரி கார்டு ஒழுங்காக உட்காருகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, இவ்வளவையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். வணக்கம்.