ஒரே உடம்பு, இரண்டு விதி: புதிய டேப்லெட்டால் முடியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணியின் தோழர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"புதிதாக வரும் ஒரு டேப்லெட், ஏற்கெனவே சந்தையில் காலூன்றி நிற்பவற்றோடு போட்டி போட முடியுமா, முடியாதா?" இதுதான் தலைப்பு. முடியும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு இழவுப் பட்டியலையே வாசித்துவிட்டுப் போனார். எச்பி டச்பேட் 49 நாளில் மூடப்பட்டது, பிளேபுக்கால் பிளாக்பெரி நிறுவனம் 485 மில்லியன் டாலரை நட்டக் கணக்கில் எழுதியது, சர்ஃபேஸ் ஆர்டியால் மைக்ரோசாஃப்ட் 900 மில்லியன் டாலரை எழுதியது, நம் நாட்டில் அரசு மாணவர்களுக்காகக் கொண்டுவந்த மலிவு விலை ஆகாஷ் இருந்த இடம் தெரியவில்லை, ஆகவே ஐபேடுக்கு எதிரே யார் வந்தாலும் இதே கதிதான் என்றார். அவர் சொன்ன எண்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை, எல்லாம் நடந்ததுதான். ஆனால் செத்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி? அதே ஆண்டில், அதே சந்தையில் ஒருவன் பிழைத்தானே, அவன் எப்படிப் பிழைத்தான் என்று பார்க்க வேண்டாமா?

2011-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரலில் பிளேபுக் வந்தது. 7 அங்குலத் திரை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் இரட்டை மைய சிப், ஒரு ஜிபி ராம், முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா. விலை 499 டாலர், அதாவது ஐபேடின் விலை. அதே ஆண்டு நவம்பரில் அமேசானின் கிண்டில் ஃபயர் வந்தது. அதே 7 அங்குலத் திரை, அதே சிப், செய்து கொடுத்ததும் அதே தைவான் நிறுவனமான குவாண்டாதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். இன்னும் சொல்லப்போனால் ஃபயர்தான் ஒரு படி கீழே: ராம் பாதி, கேமரா கிடையாது, மைக் கிடையாது, புளூடூத் கிடையாது, சேமிப்பு இடம் வெறும் 8 ஜிபி. விலை 199 டாலர். கிட்டத்தட்ட ஒரே உடம்போடு வந்த இரண்டில் வசதி கூடிய பிளேபுக் தோற்றது, வசதி குறைந்த ஃபயர் ஓடியது. சந்தை ஆய்வு செய்யும் ஐடிசி நிறுவனத்தின் கணக்குப்படி அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் சுமார் 47 லட்சம் ஃபயர் விற்பனைக்குப் போனது, ஐபேடுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அமெரிக்காவில் மட்டுமே விற்ற ஒரு பொருளுக்கு அந்த இடம்!

ஏன் இப்படி ஆனது? இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

499 டாலர் கொடுத்து பிளேபுக் வாங்கியவர் அதைத் திறக்கிறார். மின்னஞ்சல் பார்க்க வேண்டும், எங்கே இருக்கிறது? இல்லை. பிளாக்பெரி என்றாலே மின்னஞ்சல்தானே, அதற்காகத்தானே அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது, ஆனால் அவர்கள் செய்த டேப்லெட்டில் சொந்தமாக மின்னஞ்சல் இல்லை, காலண்டர் இல்லை, முகவரிப் புத்தகம் இல்லை. சட்டைப்பையில் ஒரு பிளாக்பெரி ஃபோன் இருக்க வேண்டும், அதை புளூடூத் வழியாக இதனோடு இணைக்க வேண்டும், அப்போது ஃபோனில் இருக்கும் அஞ்சல் இங்கே தெரியும், இணைப்பை எடுத்தால் மறைந்துவிடும். அந்தக் குறையைச் சரிசெய்ய 2012 பிப்ரவரி ஆனது. அதற்குள் கடைகளில் விலை 199-க்கு இறங்கிவிட்டது, நட்டக் கணக்கும் எழுதியாகிவிட்டது.

இப்போது ஃபயர். அமேசானில் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் வாங்கினால், டப்பாவிலிருந்து எடுக்கும்போதே அது அவருடைய கணக்கோடு இணைக்கப்பட்டு வந்திருக்கும். வைஃபை கடவுச்சொல்லைப் போட வேண்டியதுதான், திரையில் மர அலமாரி மாதிரி ஒரு படம், அதில் அவர் முன்பே வாங்கிய புத்தகங்களின் அட்டைகள் வரிசையாக நிற்கும், விரலால் தள்ளத் தள்ள நகரும். பாட்டு இருக்கிறது, வீடியோ இருக்கிறது, அமேசானின் கட்டணச் சந்தாவான பிரைம் ஒரு மாதத்துக்கு இலவசம். வாங்கியவருக்கு இது புதுப் பொருளாகவே தெரியாது. அமேசானுக்கோ டேப்லெட் விற்கும் சரக்கே இல்லை, அது கடைக்கு வாசல். வாசலில் லாபம் பார்க்கத் தேவையில்லை. கருவியை அடக்க விலைக்குக் கொடுக்கிறோம், மக்கள் அதைப் பயன்படுத்தும்போதுதான் எங்களுக்கு வருமானம் என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2012-இல் வெளிப்படையாகவே சொன்னார். அன்றைய ஆப்பிளால் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது, ஏனென்றால் ஆப்பிளின் லாபம் அன்று பெரும்பாலும் கருவிகளை விற்பதில்தான் இருந்தது. பழையவனால் செய்ய முடியாத ஒன்றைப் புதியவன் செய்தான் என்று நான் சொல்வது இதைத்தான்.

உடனே எதிரணி எழுந்து, "அமேசான் பெரிய நிறுவனம், பணம் இருந்தது, ஜெயித்தது" என்று சொல்லலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2011-இல் உலகத்திலேயே அதிகமாகக் கணினி விற்ற நிறுவனம் எது? எச்பி. பணமா இல்லை அவர்களிடம்? 120 கோடி டாலர் கொடுத்து, கையடக்கக் கருவிகள் செய்துவந்த பாம் நிறுவனத்தையே வாங்கித்தான் டச்பேடைச் செய்தார்கள். அதில் இருந்த வெப்ஓஎஸ் அருமையான மென்பொருள், திறந்திருக்கும் செயலிகளை அட்டைகளாகப் பரப்பி வைத்து, வேண்டாததை மேலே தள்ளினால் மூடிவிடும், பின்னாளில் ஃபோன்களில் எல்லாரும் செய்ததை அவர்கள் முன்பே செய்துவிட்டார்கள். அந்த மென்பொருள் அநியாயமாகப் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் 2011 ஜூலையில் அதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள். ஐபேட் 2 மார்ச்சிலேயே வந்துவிட்டது, 601 கிராம் எடை, 8.8 மில்லிமீட்டர் தடிமன். டச்பேட் 740 கிராம், தடிமன் 13.7. பின்பக்கக் கேமரா இல்லை, செயலிகள் குறைவு. விலை மட்டும் அதே 499 டாலர்! அதே விலைக்கு இன்னும் கனமான, இன்னும் தடிமனான ஒன்றை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? ஆகஸ்ட் 18-ஆம் தேதி நிறுத்துகிறோம் என்றார்கள், அடுத்து 99 டாலருக்கு விலையைக் குறைத்தார்கள், கடைகளில் இருந்ததெல்லாம் காலியாகி, ஆர்டர் தாங்காமல் கடைசியாக இன்னொரு தொகுதியும் செய்ய வேண்டிவந்தது. நட்டத்துக்கு விற்பது போட்டி ஆகாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மக்களுக்கு அந்தப் பொருள் மேல் வெறுப்பு இல்லை. ஐபேடைப் பார்த்து ஐபேட் மாதிரியே ஒன்றைச் செய்து ஐபேட் விலையையே கேட்டார்களே, அதுதான் வீழ்த்தியது. புதிதாக வந்தது குற்றம் இல்லை.

இன்னொரு கேள்வியும் வரும். "ஃபயர் பண்டிகைக் காலத்தில் விற்றது, அடுத்த மூன்று மாதத்தில் இறங்கிவிட்டதே?" இறங்கியது, உண்மை. அதன்பிறகு 2012 செப்டம்பரில் ஃபயர் எச்டி வந்தது, அந்த வரிசை பல ஆண்டுகள் தாண்டியும் விற்பனையில் இருந்தது. அது மட்டுமில்லை, போட்டி என்றால் முதல் இடத்தைப் பிடிப்பது மட்டும்தானா? எதிரே இருப்பவனை அவன் நிற்கும் இடத்திலிருந்து நகர வைப்பதும் போட்டிதான், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய சான்று.

2010 அக்டோபரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 7 அங்குல டேப்லெட்டுகளைப் பற்றி என்ன சொன்னார்? அந்தச் சின்னத் திரைக்கு ஏற்ப விரலைச் சீவிக்கொள்ள உப்புத்தாளும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும், இவை பிறக்கும்போதே செத்தவை என்ற பொருளில் பேசினார். அப்போதுதான் சாம்சங்கின் 7 அங்குல கேலக்ஸி டேப் வந்திருந்தது. பின்னாளில் ஆப்பிளும் சாம்சங்கும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டபோது ஒரு உள் மின்னஞ்சல் வெளியே வந்தது. 2011 ஜனவரியில், அதாவது ஜாப்ஸ் அப்படிப் பேசி மூன்றே மாதத்தில், ஆப்பிள் அதிகாரி எடி கியூ, அங்கே உயர் பொறுப்பில் இருந்த டிம் குக்குக்கும் மற்றவர்களுக்கும் எழுதியது. ஐபேடை விட்டுவிட்டு கேலக்ஸி டேபுக்கு மாறிய ஒருவரின் கட்டுரையைக் காட்டி, 7 அங்குலத்துக்குச் சந்தை இருக்கிறது, நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்கிறார். 2012 அக்டோபரில் 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி வந்தது, 329 டாலருக்கு. அதற்குள் ஃபயரும், கூகுளின் 199 டாலர் நெக்சஸ் 7-உம் அந்தச் சின்ன அளவில் இடம் பிடித்துவிட்டன. புதியவர்களால் ஒன்றும் ஆகாது என்றால் ஆப்பிள் ஏன் நகர வேண்டும்?

சர்ஃபேஸ் கதையும் அதேதான். எதிரணித் தலைவர் 2013-இல் கதையை நிறுத்திவிட்டார், நான் அடுத்த ஆண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். சர்ஃபேஸ் ஆர்டி பழைய விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டாது, புதிய செயலிகளும் போதவில்லை, அதனால் விழுந்தது. 2014-இல் சர்ஃபேஸ் ப்ரோ 3 வந்தது. 12 அங்குலத் திரை, வேண்டிய கோணத்தில் நிறுத்தும் தாங்கி, பேனா, கழற்றி மாட்டும் கீபோர்டு, உள்ளே முழு விண்டோஸ். அலுவலக வேலையை இதிலேயே முடித்துவிடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 2015 செப்டம்பரில் ஆப்பிள் என்ன கொண்டுவந்தது? ஐபேட் ப்ரோ. பெரிய திரை, மாட்டும் கீபோர்டு, பேனா! ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று 2007-இல் மேடையில் கேட்ட அதே நிறுவனம், எட்டு ஆண்டு கழித்துப் பேனாவைத் தானே விற்றது. 900 மில்லியன் டாலர் போனது போனதுதான், ஆனால் அந்தத் தோல்வியோடு மைக்ரோசாஃப்ட் வீட்டுக்குப் போகவில்லை.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது இடமே இல்லை" என்பார்கள். இந்தியாவில் ரியல்மி முதல் டேப்லெட்டைக் கொண்டுவந்தது 2021-இல், பள்ளிப் பாடம் வீட்டுக்கே வந்த காலம், ஐபேட் விலை எட்டாத வீடுகள்தான் அதிகம். 2022-இல் ஷாவ்மி பேட் 5-உடன் வந்தது. 2023-இல் ஒன்பிளஸ் தன் முதல் டேப்லெட்டை 37,999 ரூபாய்க்கு இறக்கி, அதே ஆண்டு 19,999 ரூபாயில் பேட் கோ, அடுத்த ஆண்டு பேட் 2 என்று தொடர்ந்தது. முதல் பொருளிலேயே தோற்றவன் இரண்டாவது, மூன்றாவது என்று போவானா? ஆகாஷ் தோற்றது, அதில் சந்தேகமே இல்லை. 2011 அக்டோபரில் வந்த அந்தக் கருவியின் திரை அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய பழைய வகை, சிப் 366 மெகாஹெர்ட்ஸ், பேட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு மாணவன் அதில் ஒரு பாடத்தை நிம்மதியாகப் படித்து முடிக்க முடியவில்லை. விலையைக் குறைத்தால் போதும், பொருள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்ததன் விளைவு அது, ஏழைப் பிள்ளைக்குத்தானே என்ற நினைப்பில் யாரும் எதையும் செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தோல்வியை ஐபேடின் கணக்கில் எதிரணி எழுத முடியாது. ஆகாஷ் யாரோடும் போட்டிக்கே வரவில்லை, எதுவுமே இல்லாதவர்களுக்காக வந்தது.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. எதிரணி பழையவன் பழையவன் என்று சொல்லும் ஐபேட், 2010-இல் யார்? 2001-லேயே மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் லாஸ் வேகாஸில் டேப்லெட் பிசியைக் காட்டி, ஐந்து ஆண்டில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை இதுதான் என்றார். 2002-இல் விண்டோஸ் டேப்லெட்டுகள் சந்தைக்கு வந்தன, எச்பி, தோஷிபா, ஏசர், ஃபுஜிட்சு என்று எல்லாப் பெரிய பெயர்களும் இறங்கின. பெரும்பாலானவற்றில் திரையைத் தொடத் தனிப் பேனா வேண்டும், பல மாடல்களின் விலை 2,000 டாலர் பக்கம். எட்டு ஆண்டு அவர்களுக்குத்தான் அந்த இடம். அப்புறம் 2010 ஏப்ரலில் கேமரா இல்லாத, யுஎஸ்பி இல்லாத, அன்று பல இணைய வீடியோக்களுக்குத் தேவைப்பட்ட ஃபிளாஷ் மென்பொருள் ஓடாத ஒரு புதுமுகம் 499 டாலருக்கு வந்தது. விரல் போதும், பத்து மணி நேரம் சார்ஜ் நிற்கும். 80 நாளில் 30 லட்சம் விற்றது. முதலில் வந்தவனை யாராலும் அசைக்க முடியாது என்ற எதிரணியின் வாதம் சரி என்றால் அந்த ஐபேட் விற்றிருக்கவே கூடாது. அது எப்படி விற்றது என்பதற்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் முதலில் பதில் சொல்லட்டும், பிறகு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.