வேகமாக சார்ஜ் செய்தால் பேட்டரியின் ஆயுள் குறையுமா?

[திரையில்: 67 வாட் சார்ஜரில் இணைத்த ஃபோன், சதவீத எண் மளமளவென்று ஏறுகிறது]

வணக்கம். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஏறக்குறைய 19 வாட் மணி ஆற்றலைச் சேமிக்கும். 67 வாட் சார்ஜர் முழு வேகத்தில் இயங்கும்போது, மணிக்கு அந்த பேட்டரியின் கொள்ளளவைப் போல் மூன்றரை மடங்கு என்ற விகிதத்தில் மின்சாரம் ஏறுகிறது. 60 கிலோவாட் மணி பேட்டரி உள்ள காரை 120 கிலோவாட் சார்ஜரில் இணைத்தாலும் அந்த விகிதம் இரண்டுதான். ஆகவே வாட் எண்ணை மட்டும் வைத்து, பேட்டரி படும் பாட்டை அளந்துவிட முடியாது.

[அசைபடம்: கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகும் லித்தியம் அயனிகள்]

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து நகர்ந்து, எதிர்மின்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்கின்றன. அவை உள்ளே புகும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் கூடிவிட்டால், மிஞ்சியவை மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடுகின்றன. அதில் ஒரு பகுதி மறுபடி பயன்படாமலே போவதால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. கடுங்குளிரிலும், பேட்டரி நிரம்பும் தறுவாயிலும் இந்த ஆபத்து அதிகம். சுமார் 80 சதவீதத்துக்குப் பிறகு ஃபோனும் காரும் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம் செய்யும் கேடு வேறு வகையானது. கிராஃபைட்டின் மேல் இயல்பாக உருவாகும் மெல்லிய காப்புப் படலம், சூட்டில் விரைவாகத் தடித்து, பயன்பட வேண்டிய லித்தியத்தை விழுங்குகிறது. முழு சார்ஜுடன் சூடான இடத்தில் சும்மா கிடக்கும் பேட்டரிக்கும் இந்தத் தேய்மானம் உண்டு என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

[திரையில்: பாலைவனச் சாலையில் ஒரு மின்சாரக் கார்]

அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம், 2012 மாடல் நிஸான் லீஃப் கார்கள் நான்கை, வெயிலுக்குப் பேர்போன அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஓட்டிச் சோதித்தது. இரண்டு கார்களுக்கு மெதுவான சார்ஜிங். மற்ற இரண்டுக்கு ஃபாஸ்ட் சார்ஜிங். ஏறக்குறைய 80,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்குமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொள்ளளவை இழந்திருந்தன. ஃபாஸ்ட் சார்ஜிங் கார்களின் கூடுதல் இழப்பு சில சதவீதமே. அந்த லீஃப் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் திரவ அமைப்பு கிடையாது. இன்று பெரும்பாலான மின்சாரக் கார்களில் அது இருக்கிறது. ஃபோன்களிலும் பேட்டரியை இரண்டு செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமையைக் குறைக்கும் வடிவமைப்புகள் வந்துவிட்டன.

ஆதலால் அவசரத்துக்கு ஃபாஸ்ட் சார்ஜரைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே விளையாடுவதையும், ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைப்பதையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். காரை வீட்டில் இரவில் மெதுவாக சார்ஜ் செய்வதும், நிக்கல் கலந்த பேட்டரியாக இருந்தால் அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துவதும் நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சார்ஜ் குறைந்தாலும் மின்னழுத்தம் பெரிதாக மாறாது; எனவே அதை வைத்து மீதமுள்ள அளவைக் கணிப்பது கடினம். கார் அதைச் சரியாகக் கணிப்பதற்காக, இந்த பேட்டரியை அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றும்படி தயாரிப்பாளர்களே பரிந்துரைக்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.