தன்னைத் தானே கேட்கும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

1939 ஜூலை மாதம். வடசீனாவின் யெனான், மலைச்சரிவில் குடைந்த குகை வீடுகள் நிறைந்த ஊர். அங்கே மார்க்சிய-லெனினியக் கல்லூரியில், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான லியு ஷாவோசி கட்சிக்காரர்களுக்கு வகுப்பெடுக்கிறார். அந்த உரை பின்னர் நூலானது. தலைப்பில் அவர் வைத்த சொல் 'சியூயாங்'. திருத்துவது, வளர்ப்பது இரண்டும் கலந்த சொல் அது. தமிழில் 'பண்படுத்துதல்' என்றால் ஏறக்குறைய பொருந்தும். கன்பூசிய மரபில் ஊறிய அந்தச் சொல்லை அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

உரையில் மார்க்ஸ், லெனினோடு கன்பூசியசின் சீடர் ஸெங்ஸியும் வருகிறார். நாள்தோறும் மூன்று விஷயங்களில் தன்னைச் சோதித்துக்கொண்டவர் அவர். பிறருக்காகச் செய்த வேலையில் முழுமனதோடு இருந்தேனா? நண்பரிடம் உண்மையாக நடந்தேனா? கற்றதைப் பழகினேனா?

மார்க்சியம் பேசுகிறவருக்கு இது எதற்கு? மனித சாரம் என்பது சமூக உறவுகளின் மொத்தம் என்று மார்க்ஸ் 1845-இல் குறித்து வைத்தார். அப்படியானால் உறவுகள் மாறினால்தான் மனிதரும் மாறுவார். சரி, ஆலைகளே அரிதான நாட்டில் தொழிலாளி வர்க்க உணர்வு எங்கிருந்து வரும்? கட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். உறவுகள் மாறட்டும் என்று காத்திருக்க முடியாது. இங்கேதான் கன்பூசிய மரபின் பழைய சிந்தனையாளர் மென்சியஸ் கைகொடுத்தார். யாவோ, ஷுன் என்ற ஆதி மன்னர்களைப் போல எந்த மனிதரும் உயரலாம் என்றவர் அவர். லியு அதில் ஒரு திருத்தம் செய்தார்: பழைய அறிஞர்கள் சமூக நடைமுறையை விட்டு ஒதுங்கித் தங்களைத் திருத்தப் பார்த்தார்கள், நாம் போராட்டத்தின் நடுவே, மக்களோடு இருந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த வீட்டில் பிறந்தவரும் மாறலாம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆனால் ஸெங்ஸி தன்னிடம் கேட்ட கேள்வியை, 1942-இல் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தில் கட்சி எல்லோரிடமும் கேட்டது. பதிலை எழுதித் தர வேண்டும், கூட்டத்தின் முன் சொல்ல வேண்டும். மனசாட்சியின் வேலை விசாரணையாக மாறியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அது லியுவையும் விடவில்லை. மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சியில், 1967-இல், அந்த உரை நூலை ஒரு நச்சுப் பூண்டு என்றார்கள். நாட்டின் தலைவராக இருந்தவர் 1969 நவம்பரில் கைஃபெங் நகரில், காவலில் இறந்தார். தகனப் பதிவில் வேறொரு பெயர் எழுதினார்கள். தொழில் என்ற இடத்தில், வேலை இல்லாதவர் என்றிருந்தது.

1980-இல் அவர் மீதான பழியைக் கட்சி நீக்கியது. ஸெங்ஸியின் மூன்று கேள்விகளோடு அந்த நூலும் மறுபடி அச்சானது.