பாத்திரம் கழுவினால் கோபம்தான் வருகிறது: சந்தேகங்களுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்துக்கு அருகிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். வீட்டுவேலைகளையே விழிப்புநிலைப் பயிற்சியாகச் செய்யலாம் என்று நான் முன்பு சொன்னதைக் கேட்டு, அவர் ஒரு மாதம் முயன்று பார்த்திருக்கிறார். அவர் எழுதியிருப்பதைச் சுருக்கி வாசிக்கிறேன்: "என் கணவர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். எனக்குப் பொழுது விடிவது மூன்றரை மணிக்கு. தனியாக உட்கார்ந்து தியானம் செய்ய எனக்கு நேரமில்லை. நீங்கள் சொன்னபடி பாத்திரம் கழுவும்போது மனத்தை அதிலேயே வைத்துப் பார்த்தேன். அமைதி வரவில்லை, கோபம்தான் வருகிறது. தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காமல் எழுந்து போன ஒவ்வொருவர் முகமும் கண்ணில் வருகிறது. நான் தவறாகச் செய்கிறேனா? வேலையாவது இதனால் சீக்கிரம் முடியுமா? பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது குற்றமா?"

மக்களே, நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. (நம் குமரி மாவட்டத்தில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் அழைப்போம், வெளியூர் நேயர்கள் குழம்ப வேண்டாம்.) அந்தக் கோபம் இந்த ஒரு மாதத்தில் புதிதாக முளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்காக உங்களோடு அடுக்களையில் நின்றிருக்கும். நீங்கள் இப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். விழிப்புநிலை என்பதற்குப் பாலி மொழியில் உள்ள சொல் 'சதி'. நம் காதில் அது வேறு பொருளில் விழும், ஆனால் மூலப்பொருள் நினைவில் வைத்திருத்தல் என்பதுதான். புத்தர் துறவிகளுக்கு இதைக் கற்பிக்கும்போது, நடப்பது, கையை மடக்குவது, நீட்டுவது, உண்பது, குடிப்பது, மலசலம் கழிப்பது வரை எல்லாவற்றையும் தெரிந்து செய்யச் சொல்கிறார். அதே உபதேசத்தில், மனத்தில் சினம் இருந்தால் சினம் இருக்கிறது என்று அறிந்துகொள்ளவும் சொல்கிறார். அமைதியாக இருப்பவர்களுக்கு மட்டும் உரிய பயிற்சி என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பன்னிரண்டு பேர். பாத்திரம் துலக்குவது பின்புறத்துக் கிணற்றடியில், சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து. ஒரு நாள் மதியம், மீன்குழம்பு வைத்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அது சுத்தமாகி வெகுநேரம் ஆகியும் நான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பல்லைக் கடித்திருந்தேன், வலது தோள் காதுவரை ஏறியிருந்தது. அன்று காலையில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் நான் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் நாலைந்து விதமாக. சட்டி பாவம், அதற்கும் அந்தப் பேச்சுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தோளை இறக்கினேன், சட்டியைக் கவிழ்த்தேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் வேலை வேறு, வழக்கு வேறு என்று அன்றைக்கு முதன்முறையாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. வழக்கை அன்றிரவு கணவரிடம் நேராகச் சொன்னேன்: அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். கிணற்றடியில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த நாலைந்து பதில்களைவிட அந்த ஒரு வாக்கியம் சின்னதாக இருந்தது. அது வழக்கத்துக்கு வர ஓர் ஆண்டு பிடித்தது. என் இளைய மகனுக்கு இன்னும் வரவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுவேலையைத் தியானம் என்று புகழ்ந்துவிட்டு, அதைப் பெண்ணின் தலையிலேயே வைத்துவிட்டுப் போகும் பேச்சு நம்மிடையே அதிகம். ஜப்பானிய ஜென் பௌத்தத் துறவி தோகென் 1223ஆம் ஆண்டில் சீனாவுக்குக் கல்வி தேடிப் போனபோது நடந்ததாக அவரே எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. உச்சிவெயிலில், தலையில் தொப்பிகூட இல்லாமல், மடத்தின் சமையல் பொறுப்பாளர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார்; வயது 68, முதுகு வில்லாக வளைந்திருந்தது. வேறு ஆளை வைத்துச் செய்யலாமே என்று தோகென் கேட்டதற்கு, பிறர் நான் ஆக மாட்டார்களே என்றார் கிழவர். இந்த வெயிலிலா என்றதற்கு, வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். அருமையான கதைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த மடங்களில் சமையல் பொறுப்பு என்பது மூத்த துறவிகளை நம்பிக் கொடுக்கும் மதிப்புள்ள பதவி. நம் வீடுகளில் அந்தப் பதவிக்கு மதிப்பும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. ஆகவே, கவனத்தோடு செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்பவர் யாராயிருந்தாலும், அவர் தன் தட்டைக் கழுவுகிறாரா என்று முதலில் பாருங்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். பாத்திரத்தைத் தற்காலிகமாக விட்டுவிடுங்கள். அதில் உங்களுக்குப் பழைய கணக்குகள் நிறைய இருக்கின்றன. நாள்தோறும் ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது தேங்காய் திருவுவது. நம் ஊரில் தேங்காய் அரைக்காமல் ஒரு குழம்பு ஏது? தேங்காய் மூடியைத் திருவு பலகையின் இரும்பு நாக்கில் வைத்து அழுத்தும்போது முதலில் வரும் ஓசை மெத்தென்று இருக்கும். பூ தட்டில் ஈரமாக விழும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால், பருப்பு மெலிந்து சிரட்டை நெருங்கும் இடத்தில் ஓசை கறகறவென்று மாறும். உள்ளங்கைக்கும் அந்த அதிர்வு தெரியும். வெள்ளைப் பூவில் தவிட்டு நிறத் துகள் விழத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அந்த இடத்தில் கையை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். மனம் வேறெங்காவது போயிருந்தால் தட்டே காட்டிக்கொடுத்துவிடும். இல்லையென்றால் விரல் நுனி காட்டிக்கொடுக்கும். போன மனத்தைக் கடிந்துகொள்ள வேண்டாம். எங்கே போயிற்று என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அடுத்த திருப்பலுக்கு ஓசையிடம் திரும்பி வந்தால் போதும். நூறு முறை போனால் நூறு முறை திரும்பி வருவதுதான் பயிற்சி.

உங்கள் கணவரிடமும் கேட்டுப் பாருங்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், ஆனால் கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரத்தில் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரம் மரமாக அவர் செய்வது இதே வேலைதான். அவருக்குப் பட்டை, உங்களுக்குச் சிரட்டை. தியானம் என்று பெயர் வைக்காமலே இரண்டு பேருக்கும் பாதி தெரிந்திருக்கிறது.

வேலை சீக்கிரம் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 51 மாணவர்களைப் பாத்திரம் கழுவ வைத்து ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். சோப்பின் மணத்தையும் நீரின் சூட்டையும் கவனித்துக் கழுவியவர்களுக்குப் பதற்றம் சுமார் 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அவர்கள்தான் உண்மையில் கழுவிய நேரத்தைவிட அதிக நேரம் கழுவியதாகவும் நினைத்தார்கள். கவனித்தால் நேரம் நீண்டு தெரியும், இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாணவர்கள் ஒரு முறை கழுவிவிட்டுப் போனவர்கள், மூன்று வேளையும் கழுவுகிறவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைத்து அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணிநேரம்கூடத் தூங்காத நாளில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். மதியம் அரைமணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக் கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. மரச்சீனிக் கிழங்கு வேகும்வரை கேளுங்கள், துணி மடிக்கும்போது கேளுங்கள். தேங்காய் திருவும் ஐந்து நிமிடம் மட்டும் நிறுத்தி வையுங்கள், ஓசை மாறுவது காதில் விழ வேண்டும் அல்லவா?