தோற்றவருக்கு எதற்குச் சிலை? ஜிம் லார்கின் பற்றி ஒரு கேள்வி

வந்திருக்கும் கேள்வி இது: “போன காணொளியில் அயர்லாந்தின் டப்ளினில் ஓகானல் தெருவைக் காட்டியபோது, இரண்டு கைகளையும் மேலே விரித்தபடி ஒரு சிலை வந்தது. ஜிம் லார்கின், தொழிற்சங்கத் தலைவர் என்றீர்கள். அவர் நடத்திய பெரிய போராட்டம் தோற்றுத்தானே போனது? தோற்றவருக்கு எதற்கு நட்டநடு வீதியில் சிலை?”

தோற்றது உண்மைதான், மழுப்ப வேண்டாம். ஆனால் எதை எதிர்த்து நின்று தோற்றார் என்று தெரிய வேண்டுமானால், அன்றைக்கு டப்ளின் துறைமுகத்தில் கூலியை எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். சாராயக்கடையில் கொடுத்தார்கள். சரக்கு இறக்க ஆள் பிடிக்கும் கங்காணி, கடைக்குள் உட்கார்ந்துதான் பட்டுவாடா செய்வார். கூலி வாங்கப் போனவன் குடிக்காமல் எப்படித் திரும்புவான்? மீதிக் காசோடு அவன் போய்ச் சேரும் வீடு ஒண்டிக்குடித்தனம். ஹென்றியட்டா தெருவில் 14ஆம் எண் வீடு என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பணக்காரர்கள் வாழ்ந்த மாளிகை. 1911 கணக்கெடுப்பின்போது அதற்குள் 100 பேர் இருந்தார்கள். இப்போது அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

லார்கின் டப்ளின்காரர் இல்லை. 1874இல் லிவர்பூலில், ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். அங்கே துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தார். 1905இல் கீழே வேலை பார்த்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மேஸ்திரியும் அவர்களோடு போய் நின்றார். வேலை போனது, சங்க வேலை வந்தது. 1907இல் பெல்ஃபாஸ்ட்டில், ஒருவரோடொருவர் பகையாக இருந்த கத்தோலிக்கரையும் புராட்டஸ்டன்ட்டுகளையும் ஒரே போராட்டத்தில் நிறுத்திக் காட்டினார். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அப்புறம் டப்ளின். 1909இல் ஐரிஷ் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அவர் தலைமையில் செயல்படத் தொடங்கியது. மனிதர் மதுவைத் தொடாதவர். சாராயக்கடைக் கூலிக்கு முடிவு கட்டியதை அவருடைய முதல் வெற்றி என்றே சொல்வேன்.

இப்போது 1913. எதிர்ப்பக்கம் வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. டிராம் கம்பெனி, பத்திரிகை, பெரிய துணிக்கடை, அதன் மாடியில் இருந்த இம்பீரியல் ஹோட்டல் எல்லாம் அவர் கையில். சங்கத்தில் சேர்ந்தவர்களை அவர் வேலையை விட்டு நிறுத்தினார். ஆகஸ்ட் 26, குதிரைக் கண்காட்சி வாரம், ஊரே வெளியூர்க்காரர்களால் நிரம்பியிருந்த நேரம். காலை பத்து மணிக்குச் சற்று முன் டிராம் தொழிலாளர்கள் சட்டையில் சங்கத்தின் சிவப்புக் கை சின்னத்தைக் குத்திக்கொண்டு, வண்டிகளை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்றைய ஓகானல் தெருவில் லார்கின் பேசக் கூடாது என்று தடை. பேசுவேன் என்று அவர் சொல்லியாயிற்று. ஒட்டுத்தாடி, இரவல் வாங்கிய நீளக் கோட்டு, முதுகைக் கூனிக்கொண்டு ஒரு கிழவராக மர்ஃபியின் அந்த ஹோட்டலுக்குள்ளேயே நுழைந்தார். கூட வந்த நெல்லி கிஃபோர்ட் என்ற பெண், வயதானவரின் உறவுக்காரி போலப் பேச்சையெல்லாம் தானே பார்த்துக்கொண்டார். லார்கின் வாயைத் திறந்தால் லிவர்பூல் வாடை காட்டிக் கொடுத்துவிடுமே! ஜன்னலில் நின்று சில வார்த்தைகள்தான் பேசினார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே போலீஸ் தடியடியில் நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து சர்ச் தெருவில் ஒண்டிக்குடித்தனக் கட்டடங்கள் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு மறுநாள், செப்டம்பர் 3, சுமார் 400 முதலாளிகள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: இந்தச் சங்கத்தோடு சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் கதவு மூடியிருக்கும். லார்கின் சங்கத்தில் இல்லாதவர்கள்கூட நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். சுமார் 20,000 பேர் வெளியே. கருங்காலிகளை வைத்து வேலை நடந்தது. இங்கிலாந்துத் தொழிலாளர்கள் கப்பலில் உணவு அனுப்பினார்கள். பட்டினி கிடந்த பிள்ளைகளைக் கொஞ்ச நாள் இங்கிலாந்து வீடுகளில் தங்கவைக்கலாம் என்று ஏற்பாடு செய்தபோது, அங்கே பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்களோ என்ற பயத்தில், அப்படி அனுப்புகிறவர்கள் கத்தோலிக்கத் தாய்மார் என்ற பெயருக்கே தகுதியற்றவர்கள் என்று டப்ளின் கத்தோலிக்கப் பேராயர் வால்ஷ் எழுதினார். துறைமுகத்தில் பாதிரியார்களே வழி மறித்தார்கள்.

லார்கின் எதிர்பார்த்தது ரொட்டியை மட்டும் அல்ல. இங்கிலாந்துச் சங்கங்களும் அனுதாப வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதை. அதைக் கேட்ட விதத்தில்தான் கோட்டைவிட்டார். உதவி செய்கிற தலைவர்களையே மேடையில் வைத்து வறுத்தெடுத்தார். டிசம்பரில் அவர்கள் கைவிரித்தார்கள். 1914 தொடக்கத்தில் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள், பலர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு. அந்த ஆண்டே லார்கின் அமெரிக்கா போனார்.

ஆனால் சங்கம் சாகவில்லை. 1920 வாக்கில் ஒரு லட்சம் உறுப்பினர்கள். இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்த வளர்ச்சி முழுக்க அவர் இல்லாத காலத்தில் நடந்தது. அவர் அமெரிக்காவில் இடதுசாரி அரசியலுக்காகத் தண்டிக்கப்பட்டு சிங் சிங் உள்ளிட்ட சிறைகளில் இருந்தார். 1923இல் மன்னிப்பு பெற்றுத் திரும்பி வந்தார். வந்த கையோடு, தான் தொடங்கிய சங்கத்தின் பொறுப்பாளர்களோடு சண்டை. 1924இல் அவரையே சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அவர் மாஸ்கோவில் இருந்தபோது தம்பி பீட்டர் போட்டிச் சங்கம் தொடங்கினார். 1927இல் நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தும், அவதூறு வழக்குச் செலவு கட்டாமல் திவாலானவர் என்பதால் உட்கார முடியவில்லை. சங்கத்தை உண்டாக்கத் தெரிந்தவருக்கு அதைப் பகிர்ந்துகொள்ளத் தெரியவில்லை என்பதுதான் என் கணிப்பு. இரண்டு சங்கங்களும் ஒன்றாக இணைய 1990 வரை ஆனது.

சரி, சிலைக்கு வருவோம். அந்தக் கை விரிப்பு 1913 காட்சி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1923இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய பின் அதே தெருவில் அவர் பேசியபோது எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, ஒய்சின் கெல்லி என்ற சிற்பி செய்தது. ஆனால் நிறுத்திய இடம் 1913க்குரியது. அவர் தாடியை ஒட்டிக்கொண்டு நின்ற அந்த ஹோட்டல் இருந்த இடம் கிட்டத்தட்ட எதிரிலேயே இருக்கிறது. அந்தத் தெருவில் மர்ஃபிக்குச் சிலை கிடையாது.

1947 ஜனவரியில் லார்கின் இறந்தார். கடும் பனியில் டப்ளின் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். இறுதித் திருப்பலிக்கு அப்போதைய டப்ளின் பேராயரும் வந்திருந்தார்.