தீர்க்கதரிசி தவறலாமா? மார்மன் வேதநூல்கள் மீதான கேள்விகள்

சகோதர சகோதரிகளே, விருந்தினராக வந்திருக்கும் நண்பர்களே,

நம்மில் பலர் சி.எஸ்.ஐ., கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே குடும்பங்களில் பிறந்து, பிறகு, மார்மன்கள் என்று பலர் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபைக்கு வந்தவர்கள். அதனால் நம்மிடம் கேள்வி கேட்பவர்களும் பெரும்பாலும் நம் சொந்தக்காரர்கள்தான். “வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஒன்றையும் கூட்டாதே என்று இருக்கும்போது, உங்களுக்கு எதற்கு மார்மன் புஸ்தகம்?” என்பார்கள். வேதாகமத்தோடு நாம் வேதமாக ஏற்கும் நூல் அது. இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். அதே கட்டளை உபாகமம் 4ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஏசாயா எழுதினார், பவுல் எழுதினார்.

கடினமான கேள்விகள் வேறு இருக்கின்றன. உபாகமம் 18ஆம் அதிகாரம் தீர்க்கதரிசிக்கு ஒரு சோதனை வைக்கிறது: அவன் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தருடைய வார்த்தை அல்ல. இந்தச் சோதனையை நம் சபையை நிறுவிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்துக்கும் வைக்க வேண்டும் என்கிறார்கள். சரி, வைப்போம்.

1832 செப்டம்பரில் அவர் ஒரு வெளிப்பாட்டைப் பெற்றார். வெளிப்பாடுகளைத் தொகுத்த ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற நம் வேதநூலில் அது 84ஆம் பாகம். மிசௌரியின் இன்டிபென்டன்ஸ் நகரில் ஓர் ஆலயம் எழும்பும், இந்தத் தலைமுறை முழுவதும் ஒழிந்துபோகும் முன்னே எழும்பும் என்கிறது. அடுத்த ஆண்டே பரிசுத்தவான்கள், அதாவது நம் சபையினர், அந்த வட்டாரத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டார்கள். 1838இல் மிசௌரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டே துரத்து, இல்லையேல் ஒழித்துக்கட்டு என்று ஆணையிட்டார். அந்த ஆலயத்தை நம் சபை இன்றுவரை கட்டவில்லை.

“தலைமுறை என்றால் நீண்ட காலம்” என்று சொல்லித் தப்பிப்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அது பிடிக்காத பதில். 1870இல்கூட அப்போஸ்தலர் ஓர்சன் பிராட், 1832இல் உயிரோடு இருந்தவர்களின் காலத்திலேயே அது நிறைவேறும் என்று மேடையில் பேசினார். முதல் பரிசுத்தவான்கள் அதை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தபடி அது நடக்கவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

அப்புறம் வேதாகமத்தைத் திறப்போம். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார் யோனா. நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. நகரம் கவிழவில்லை, யோனாவைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று யாரும் ஒதுக்கவில்லை. எரேமியா 18ஆம் அதிகாரம் காரணத்தைச் சொல்கிறது: ஒரு ஜாதியைப் பற்றித் தேவன் சொன்ன நன்மையும் தீமையும் மனிதர் நடந்துகொள்வதைப் பொறுத்து மாறலாம். 1841 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் வந்த, அதே நூலின் 124ஆம் பாகமும் இதையே சொல்கிறது. கட்டளையிட்ட வேலையைச் சத்துருக்கள் தடுத்தால், கர்த்தர் அதை அந்த ஜனங்களிடம் இனி கேட்பதில்லை. அவர்கள் பட்ட பாட்டை ஏற்றுக்கொள்கிறார். “தோற்ற பிறகு எழுதிக்கொண்ட சமாதானம் இது” என்று விமர்சகர் சொல்வார். வெளிப்பாடு பின்னால் வந்தது உண்மை. ஆனால் தேவன் அப்படி நடந்துகொள்வார் என்ற போதனை எரேமியாவின் காலத்திலேயே இருந்ததே.

இதற்கு நேர்மாறாக, நம்மவர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டும் தீர்க்கதரிசனம் ஒன்று உண்டு. 1832 கிறிஸ்துமஸ் நாளன்று, தென் கரோலினாவின் கலகத்தில் போர் தொடங்கும் என்றார் ஜோசப் ஸ்மித். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் அங்கேதான், சம்டர் கோட்டையில் வெடித்தது. அதே தராசில் இதையும் நிறுக்க வேண்டும். அந்த 1832 நவம்பரிலேயே தென் கரோலினா மத்திய அரசின் சுங்க வரிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்திருந்தது. நாட்டில் எல்லோரும் போர்ப் பேச்சுதான் பேசினார்கள். ஆகவே மாநிலத்தின் பெயரை மட்டும் வைத்து அற்புதம் என்று முழங்கக் கூடாது. ஆனால் 1833இல் அந்த நெருக்கடி தீர்ந்தும் வெளிப்பாடு கைவிடப்படவில்லை. போருக்குப் பத்து ஆண்டுகள் முன்னே, 1851இல், லிவர்பூலில் அச்சேறியது. தென் மாநிலங்கள் பிரிட்டனின் உதவியை நாடும் என்று அதில் இருந்தது, நாடின. நான் அதைத் தீர்க்கதரிசனமாகவே நம்புகிறேன். ஆனால் அதைக் கொண்டு யாருடைய வாயையும் அடைக்க முயல மாட்டேன்.

மார்மன் புஸ்தகத்தின் வாசகம், அது முதலில் அச்சான 1830க்குப் பின் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. பெரும்பாலானவை எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தம். சில அப்படியல்ல: அதன் 1 நேபி என்ற பகுதியின் 11ஆம் அதிகாரத்தில் “தேவனுடைய தாய்” என்றிருந்ததை 1837 பதிப்பில் “தேவகுமாரனுடைய தாய்” என்று ஜோசப் ஸ்மித்தே திருத்தினார். அந்தப் புஸ்தகத்தின் முதல் பக்கமே, இதில் தவறுகள் இருந்தால் அவை மனிதரின் தவறுகள் என்கிறது. பிழையே இல்லாத நூல் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெருமையை ஏற்றிவைத்தவர்கள் நாம்தான்.

எல்லாவற்றிலும் கனமானது நம் வேதநூல்களில் இன்னொன்றான ஆபிரகாமின் புஸ்தகம் பற்றிய கேள்வி. 1835இல் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லண்டில் பரிசுத்தவான்கள் மம்மிகளோடு எகிப்திய பாப்பிரஸ் சுருள்களையும் விலைக்கு வாங்கினார்கள். அவற்றிலிருந்தே இந்தப் புஸ்தகம் வந்தது என்றார் ஜோசப் ஸ்மித். சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 1967இல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. அறிஞர்கள் படித்துப் பார்த்தார்கள். ஹோர் என்ற பூசாரியோடு அடக்கம் செய்ய எழுதிய ஈமச்சடங்கு நூல் அதில் இருந்தது. ஆபிரகாமின் பெயரே இல்லை. நம் சபையைச் சேர்ந்த எகிப்தியல் அறிஞர்களும் இதை ஏற்கிறார்கள். 2014இல் சபை வெளியிட்ட கட்டுரையும் ஒளிக்காமல் சொல்கிறது.

காணாமற்போன சுருளில் ஆபிரகாமின் பகுதி இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்தச் சுருள்கள் ஒரு தூண்டுதல் மட்டுமே, வாசகம் நேரடி வெளிப்பாடாக வந்தது என்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். இதில் ஒரு விலை இருக்கிறது: தன் கையில் இருந்த சுருளில் என்ன எழுதியிருந்தது என்பதை ஜோசப் ஸ்மித் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தப் புஸ்தகத்தை ஏன் வேதம் என்கிறாய் என்று கேட்பீர்கள். உலகம் உண்டாகும் முன்னே நாம் தேவனோடு இருந்தோம் என்ற போதனையை அதன் மூன்றாம் அதிகாரத்தில் படித்து, ஜெபித்து, அது தேவனிடமிருந்து வந்தது என்ற நிச்சயத்தைப் பெற்றேன். இது எகிப்தியல் அறிஞருக்குச் சொல்லும் ஆதாரம் அல்ல. அவரிடம் இதை ஆதாரமாக நீட்டவும் மாட்டேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் துண்டுகளின் படங்களை வகுப்பில் காட்டுங்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். பின்வரிசையில் கை தூக்கிய சகோதரியிலிருந்து தொடங்குவோம்.