வளவுக்குள் விழும் வெயில்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். காரைக்குடியில் இருந்துகொண்டு ஆடை விளம்பரங்களுக்குப் படம் எடுப்பவன் நான். ஒரே மாடலை வைத்து ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தால் சலிப்புத் தட்டாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

தேவகோட்டையில் பிறந்த அந்தப் பெண்ணும் நானும் ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். தொடக்கத்தில் நான் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பார், திரும்பச் சொன்னால் திரும்புவார். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்தச் சேலையை வேறு யார் கட்டியிருந்தாலும் படம் அப்படியேதான் வந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டில் கானாடுகாத்தானில், ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தில், கண்டாங்கிச் சேலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிக்குக் கெட்டியான பருத்தியும், கட்டங்களும், அகலமான கரையுமே அழகு. தேக்குத் தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்காருமாறு அவரிடம் சொன்னேன். "அண்ணே, எங்க ஆச்சி முற்றத்துல இப்படி உக்கார மாட்டாங்க" என்றவர், ஒரு காலை மடித்து, மறு முழங்காலை நிறுத்தி, சுளகில் அரிசி புடைப்பவரைப் போல் முன்னே குனிந்தார். அதுவரை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டிருந்த கரை முழங்காலின் மேல் விரிந்து, முழு அகலத்துடன் கண்ணுக்குத் தெரிந்தது. நான் நாள் முழுவதும் தேடிக்கொண்டிருந்த படம் அதுதான்.

அதன் பிறகு எங்கள் வேலை மாறிவிட்டது. வளவு வீட்டின் ஒளி எளிதில் வசப்படுவதில்லை. முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் வெயிலை மென்மையாகத் திருப்பித் தரும். கரிய தேக்குத் தூண்களோ அதை விழுங்கிவிடும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்கள் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். சிவப்புக் கல் பதித்த தரையில் வெயில் பட்டால் அந்தச் சாயல் தாடையின் அடியில் ஏறிவிடும். அந்தச் சிவப்பைத் தணிக்க நான் வெள்ளைத் துணியை எடுக்கும் முன்பே அவர் அரை அடி பின்வாங்கியிருப்பார்.

1950-இல் பாரிஸில் பழைய நாடகத் திரையொன்றைப் பின்னணியாக்கி, சாளர வெளிச்சத்தில் அமெரிக்க ஒளிப்படக்காரர் இர்விங் பென் எடுத்த ஆடைப் படங்களை நான் அடிக்கடி பார்ப்பேன். அவற்றில் நிற்கும் மாடல் லிசா ஃபான்சாக்ரீவ்ஸ் நடனம் பயின்றவர் என்பதை அவருடைய தோளும் மணிக்கட்டுமே சொல்லிவிடும். 1955-இல் இன்னொரு அமெரிக்க ஒளிப்படக்காரரான ரிச்சர்ட் அவெடன் எடுத்த படத்தில், சங்கிலி பூட்டிய யானைகளுக்கு நடுவே கைகளை விரித்து நிற்கிறார் மாடல் டோவிமா. அந்தப் படத்தின் பெருமையில் பாதி அவருக்கும் உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே, படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கள் மாடலும் என் பக்கத்தில் உட்காருகிறார். அவர் வேண்டாம் என்று சொல்லும் படம் வெளியே போவதில்லை. கூலியும் நாள் கணக்கோடு முடிவதில்லை. படம் மறுமுறை பயன்படும்போது அவருக்கும் பங்கு உண்டு.

வரும் மார்கழியில் மீண்டும் கானாடுகாத்தான் செல்கிறோம். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வளவின் வடக்குப் பத்தியில், அதாவது வடபுறத் தாழ்வாரத்தில், வெயில் விழும். அந்த இடத்தில் நாங்கள் இன்னும் ஒரு படம்கூட எடுத்ததில்லை.